சிமுலா: வரிசையில் நின்றவர்களிடமிருந்து பிறந்த மொழி (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

மாலை வகுப்பில் ஜாவா என்ற நிரல்மொழி சொல்லிக்கொடுக்கிறேன். ஒருநாள் ஆப்ஜெக்ட் (தகவலும் வேலையும் சேர்ந்த நிரல் பொருள்), அதன் வார்ப்பான கிளாஸ் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, "இதையெல்லாம் நார்வேயில் 1967இலேயே சிமுலா என்ற மொழியில் செய்து முடித்துவிட்டார்கள்" என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து ஒவ்வொரு பேட்ச்சிலும் அதே சந்தேகங்கள். திரும்பத் திரும்பச் சொல்லி அலுத்துப்போய், கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை வைத்து இங்கே எழுதியிருக்கிறேன்.

சிமுலாவா? அது என்ன மொழி சார், பேரே கேள்விப்பட்டதில்லையே?

நார்வேயின் தலைநகர் ஆஸ்லோவில் நார்வே கணினி மையம் என்று ஓர் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. அங்கே 1960களில் உருவான நிரல்மொழி இது. முதல் வடிவம் சிமுலா 1. அது 1965 தொடக்கத்தில் ஓட ஆரம்பித்தது. அடுத்தது சிமுலா 67. கிளாஸ், ஆப்ஜெக்ட், சப்கிளாஸ், விர்ச்சுவல் என்று இன்டர்வியூவுக்கு நீங்கள் மனப்பாடம் செய்கிற சொற்களில் பாதி, ஒரே மொழிக்குள் ஒன்றாக வந்து சேர்ந்தது இந்த இரண்டாவது வடிவத்தில்தான்.

முதல் ஊப்ஸ் மொழி, அதாவது ஆப்ஜெக்ட்டுகளை வைத்து நிரல் எழுதும் மொழி, சி++ தானே? காலேஜில் அப்படித்தானே சொன்னார்கள்?

இல்லை. சி++ என்ற பெயரே 1983இல்தான் வந்தது. ஸ்மால்டாக் என்ற இன்னொரு ஊப்ஸ் மொழி 1972. சிமுலா 67 இரண்டுக்கும் மூத்தது. அதோடு, அவை இரண்டுமே சிமுலாவைப் பார்த்தவர்கள் செய்தவை. எப்படிப் பார்த்தார்கள் என்பதைக் கீழே சொல்கிறேன். இந்தப் பக்கத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி அது.

யார் உருவாக்கினார்கள்? கிறிஸ்டன் என்பவர் ஒரு பெண்ணா?

இருவர்: கிறிஸ்டன் நிகார்ட், ஓலே-யோஹான் டால். நார்வேயில் கிறிஸ்டன் ஆண்பிள்ளைப் பெயர். எனவே இருவரும் ஆண்கள்தான்.

நிகார்ட் 1948இல் நார்வே ராணுவத்தின் ஆராய்ச்சி நிறுவனத்தில் சேர்ந்தவர். நாட்டின் முதல் அணு உலைக்கான கணக்குகளை அங்கே கையாலேயே போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த வேலைக்கு, தற்செயல் எண்களை வைத்து நடக்கக்கூடியதை நடத்திப் பார்க்கும் மான்டே கார்லோ முறையை அவர் கொண்டுவந்தார். பாவனைச் செயல்பாடு, அதாவது சிமுலேஷன், அவரைப் பிடித்துக்கொண்டது அப்போதிருந்துதான். டாலும் அதே ராணுவ நிறுவனத்தில் கணினி நிரல் எழுதிப் பழகியவர். நிகார்ட் 1960இல் கணினி மையத்துக்கு மாறினார். 1963இல் டாலும் வந்து சேர்ந்தார். என் கணிப்பில், நிகார்ட் உலகத்தைப் பார்த்துக் கேள்வி கேட்பவர், டால் அதைக் கணினிக்குள் எப்படி உட்கார வைப்பது என்று யோசிப்பவர். இருவரில் ஒருவர் இல்லாவிட்டாலும் இந்த மொழி வந்திருக்காது.

சிமுலேஷனுக்கும் கிளாஸ், ஆப்ஜெக்ட்டுக்கும் என்ன சம்பந்தம்?

எல்லாம் இங்கேதான் ஆரம்பிக்கிறது, கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். 1962 ஜனவரி 5ஆம் தேதி பிரான்சில் இருந்த சார்ல் சால்ஸ்மான் என்பவருக்கு நிகார்ட் ஒரு கடிதம் எழுதினார். வரிசை அமைப்புகளை விவரிக்க ஒரு மொழி பற்றித் தன்னிடம் சில யோசனைகள் இருப்பதாக அதில் சொல்கிறார். மொழியைப் பற்றி எழுத்தில் கிடைக்கும் முதல் குறிப்பு இதுதான். வரிசை என்றால் நிஜமாகவே க்யூதான். ஆட்கள் வருகிறார்கள், கவுன்ட்டரில் நிற்கிறார்கள், வேலை முடிந்ததும் அடுத்த கவுன்ட்டருக்குப் போகிறார்கள். எத்தனை கவுன்ட்டர் திறந்தால் கூட்டம் குறையும்? இதை ஒவ்வொரு முறையும் புதிதாக நிரல் எழுதிக் கணக்குப் பார்ப்பது பெரும் தொல்லை. அதற்கென்றே ஒரு மொழி வேண்டும் என்பதுதான் ஆசை.

விமான நிலையத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் அவர்கள் நினைத்தது, கவுன்ட்டர்கள்தான் வேலை செய்பவை, பயணிகள் நகர்த்தப்படும் மூட்டைகள் என்று. ஆனால் கப்பல் சரக்கு இறக்குவதை எழுதப் போனால், கப்பலைக் கதாநாயகனாக வைத்து எழுதுவது சில சமயம் சுலபம், கிரேனை வைத்து எழுதுவது சில சமயம் சுலபம். கடைசியில் இந்தப் பாகுபாட்டையே விட்டுவிட்டார்கள். பயணியும் கவுன்ட்டரும் ஒரே வகை. இரண்டுக்கும் தனக்கென்று தகவலும் உண்டு, செய்ய வேண்டிய வேலையும் உண்டு. சிமுலா 1இல் இதற்குப் பெயர் பிராசஸ். அதன் வார்ப்புக்குப் பெயர் ஆக்டிவிட்டி. தகவலும் வேலையும் ஒரே உடம்பில் இருக்கும் அந்தப் பிராசஸ்தான் பிற்பாடு ஆப்ஜெக்ட் ஆனது. வார்ப்புதான் கிளாஸ். ஆக, வரிசையில் நிற்கும் ஆட்களை ஒழுங்காக விவரிக்கப் போய் வந்த யோசனை இது. "நல்ல நிரல் எழுதுவது எப்படி" என்று யாரும் உட்கார்ந்து யோசித்து வந்ததல்ல.

நார்வே மாதிரி சின்ன நாட்டில் எப்படி இது சாத்தியம்? அவ்வளவு பெரிய கம்ப்யூட்டர் ஏது?

அது ஒரு பேரக் கதை. மையத்துக்கு வரவிருந்தது டென்மார்க்கின் கியர் என்ற சிறிய கணினி. 1962இல் அமெரிக்காவின் யூனிவாக் நிறுவனம் தன் 1107 கணினியை ஐரோப்பாவில் விற்க முயன்றுகொண்டிருந்தது. தன் மொழியைப் பற்றி நிகார்ட் அவர்களிடம் பேசப் பேச, பேச்சு பேரமாக மாறியது. முடிவில் 1107 பாதி விலைக்கு வந்தது. பதிலுக்கு மையம் தர வேண்டியவற்றில் முக்கியமானது சிமுலா கம்பைலர், அதாவது சிமுலாவில் எழுதியதைக் கணினி ஓட்டும் வடிவுக்கு மாற்றித்தரும் நிரல். கணினி 1963 ஆகஸ்டில் ஆஸ்லோவில் வந்து இறங்கியது. இன்னும் பிறக்காத மொழியைக் காட்டிப் பாதி விலை குறைத்து வாங்குவதற்கு என்ன வாய்ச்சாலகம் வேண்டும்!

அல்கால் அல்கால் என்கிறார்களே, அது எங்கே வருகிறது?

அல்கால் 60 அந்தக் காலத்தில் ஐரோப்பிய ஆராய்ச்சியாளர்களின் பொதுமொழி. சிமுலாவை அதன் மேல் ஒரு பூச்சாக, அதாவது சிமுலாவை அல்காலாக மாற்றித்தரும் முன்செயலியாகச் செய்துவிடலாம் என்பதுதான் முதல் திட்டம். அது நடக்கவில்லை. காரணம் ஸ்டேக்.

அல்காலில் ஒரு புரொசீஜர், அதாவது துணைநிரல், கூப்பிடப்பட்டால் அதன் தகவல் ஸ்டேக் என்ற நினைவக அடுக்கின் மேல் வைக்கப்படும், முடிந்ததும் எடுக்கப்படும். கல்யாணப் பந்தியில் தட்டு அடுக்குவது போல: கடைசியாக வைத்ததுதான் முதலில் வெளியே வரும். வரிசையில் நிற்கும் ஆட்கள் அப்படி வெளியேறுவார்களா? முதலில் வந்தவர் முதலில் போகலாம், நடுவில் ஒருவர் சலித்துக் கிளம்பலாம், ஒருவர் நாள் முழுவதும் அங்கேயே இருக்கலாம். ஆகவே எந்த ஒழுங்கிலும் பிறந்து எந்த ஒழுங்கிலும் சாகக்கூடிய நினைவகம் வேண்டும். டால் 1963இல் அதற்கென்று புதிய நினைவக ஒதுக்கீட்டு முறையையே எழுதினார். ஆகவே அல்கால் கம்பைலரின் வயிற்றைக் கிழித்து உள்ளே கை வைக்க வேண்டியதாயிற்று. ஜாவாவில் நீங்கள் நியூ போட்டு ஆப்ஜெக்ட் உருவாக்கும்போது அது ஏன் ஹீப் என்ற, இப்படி அடுக்கு ஒழுங்கில்லாத நினைவகத்தில் போய் உட்காருகிறது என்று கேட்பீர்களே, அதற்கும் இதே பதில்தான்.

சிமுலா 1க்கும் 67க்கும் என்ன வித்தியாசம்? இன்ஹெரிட்டன்ஸ் எதில் வந்தது?

ஒரு கிளாஸின் குணங்களை இன்னொரு கிளாஸ் அப்படியே பெறுவதுதான் இன்ஹெரிட்டன்ஸ். அது வந்தது 67இல்தான். சிமுலா 1 முழுக்க முழுக்க சிமுலேஷன் மொழி. ஆனால் அதைப் பயன்படுத்தியவர்கள் சிமுலேஷனே இல்லாத வேலைகளுக்கும் பிராசஸ்களை இழுத்துப் பயன்படுத்தத் தொடங்கினார்கள். அப்படியானால் அடிப்படை யோசனை இன்னும் பொதுவானது என்று இருவருக்கும் புரிந்தது.

சிக்கல் ஒரு சுங்கச்சாவடி வடிவில் வந்தது. பாலத்தருகே சாவடி, வரிசையில் லாரியும் பஸ்ஸும். இரண்டும் வண்டிதான், பாதிக் குணம் பொது. ஒரே வரிசையில் நிற்கவும் வேண்டும். ஆனால் வரிசையில் நிற்கும் திறமையை லாரிக்கு ஒருமுறை, பஸ்ஸுக்கு ஒருமுறை எழுதுவதா? அந்தச் சமயத்தில்தான் இங்கிலாந்தின் கணினி அறிஞர் டோனி ஹோர் ரெக்கார்டு கிளாஸ் (தகவல் தொகுப்பின் வார்ப்பு), சப்கிளாஸ் (அதன் உட்பிரிவு) பற்றி எழுதியிருந்தார். 1966இல் பிரான்சில் நடந்த கோடைப் பள்ளியில் அதைப் பாடமாகவும் சொன்னார். அவருடைய அமைப்பில் சப்கிளாஸ்கள் அவற்றின் தலைமை கிளாஸுக்கு உள்ளேயே அறிவிக்கப்பட வேண்டும். வரிசை பற்றி எழுதியவருக்கு நாளைக்கு லாரி வருமா, கப்பல் வருமா என்று எப்படித் தெரியும்?

1966 கடைசியில் விடை கிடைத்தது. ஒரு கிளாஸின் பெயரை இன்னொரு கிளாஸின் முன்னால் எழுதிவிடுவது, அவ்வளவுதான். "லிங்க்" என்ற கிளாஸுக்கு வரிசையில் நிற்கத் தெரியும். "லிங்க் கிளாஸ் வண்டி" என்று எழுதினால் வண்டிக்கும் தெரியும். "வண்டி கிளாஸ் லாரி" என்றால் லாரிக்கும். அவர்கள் இதை முன்னொட்டு என்றார்கள். இன்ஹெரிட்டன்ஸ் என்ற பெயர் பிற்பாடு ஒட்டிக்கொண்டது. 1967 மே மாதம் ஆஸ்லோவை ஒட்டிய லீசபூவில் நடந்த மாநாட்டில் இதைக் கட்டுரையாக வாசித்தார்கள்.

கோட் பார்த்தால் நமக்குப் புரியுமா?

பெரும்பாலும் புரியும். கிளாஸ், நியூ, திஸ், விர்ச்சுவல் எல்லாம் அதே சொற்கள்தான். தனித்தனி கிளாஸ் வாரியாக ரெஃபரன்ஸ், அதாவது ஆப்ஜெக்ட்டைச் சுட்டும் பெயர், அறிவிக்க வேண்டும். இனிப் பயன்படாத ஆப்ஜெக்ட்டுகள் என்ற நினைவகக் குப்பையைத் தானே அள்ளும் கார்பேஜ் கலெக்டரும் உண்டு. ஒன்றையும் சுட்டாத ரெஃபரன்ஸுக்கு "நன்" என்று பெயர். ஜாவாவின் நல்தான் அது. இந்த நல் ரெஃபரன்ஸ் யோசனையும் 1965இல் அதே ஹோரிடமிருந்து வந்ததுதான். பல வருடம் கழித்து அதை "பில்லியன் டாலர் தவறு" என்று அவரே சொல்லிக்கொண்டார். ஒன்றையும் சுட்டாத ரெஃபரன்ஸைத் தொட்டால் வரும் நல்பாயின்டர் எக்செப்ஷன் என்ற பிழை வரும்போது யாரைத் திட்டுவது என்று இனிமேல் உங்களுக்குத் தெரியும்.

இன்கேப்சுலேஷன்? பிரைவேட் எல்லாம் இருந்ததா?

ஆப்ஜெக்ட்டின் உள்ளே இருப்பதை வெளியாரிடமிருந்து மறைப்பதுதான் இன்கேப்சுலேஷன். 67இல் அது இல்லை. வெளியிலிருந்து யார் வேண்டுமானாலும் ஆப்ஜெக்ட்டின் உள்ளே கை விடலாம். மறைக்கும் வசதி 1970களில்தான் சேர்ந்தது. "ஊப்ஸின் நான்கு தூண்கள்" என்று பாடப் பட்டியலில் வரும் நான்கில் ஒன்று இல்லாமலேயே முதல் மொழி நின்றது. தூண் கணக்கெல்லாம் பின்னால் எழுதியவர்கள் போட்டது.

அவர்கள் இரண்டு பேரும் அடித்துக்கொண்டார்களாமே?

1967 வசந்தத்தில் மையத்துக்குப் புதிதாக வந்த ஊழியர் ஒருவர் பதறியடித்துக்கொண்டு டெலிபோன் ஆபரேட்டர் அறைக்கு ஓடிவந்தாராம். மேல்மாடியில் கரும்பலகைக்கு முன்னால் இரண்டு பேர் பயங்கரமாகச் சண்டை போடுகிறார்கள், என்ன செய்வது என்று கேட்டாராம். ஆபரேட்டர் வெளியே போய்க் கொஞ்சம் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, பயப்படாதீர்கள், டாலும் நிகார்டும் சிமுலா பற்றிப் பேசுகிறார்கள் என்றாராம். இந்தக் கதை டாலும் நிகார்டும் தாங்களே எழுதிய சிமுலா வரலாற்றில் இருக்கிறது. அடிதடி இல்லை, சத்தம் மட்டும்தான்.

இவ்வளவு நல்ல மொழி என்றால் ஏன் பரவவில்லை?

பரவியது, நீங்கள் நினைக்கிற மாதிரிப் பரவவில்லை. சிமுலா 1 சோவியத் யூனியனின் யூரல்-16 கணினி வரைக்கும் போனது. சிமுலா 67க்கு 1969இல் கன்ட்ரோல் டேட்டா கணினிகளிலும், 1972இல் ஐபிஎம் 360இலும் கம்பைலர் வந்தது. ஸ்வீடனின் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனம் டெக்-10க்கு ஒன்று செய்தது. 1973இல் பயனர் சங்கமும் அமைந்தது. ஸ்கேண்டிநேவியப் பல்கலைக்கழகங்களில் ஒரு தலைமுறையே இதில் படித்தது.

தடை பணத்திலும் வேகத்திலும் இருந்தது. அப்போது ஒவ்வொரு கணினி வகைக்கும் தனித்தனியாகக் கம்பைலர் எழுத வேண்டும். அதற்கு யாராவது காசு போட வேண்டும், போட்டதை விற்று எடுக்க வேண்டும். பெரிய கணினி இருக்கும் இடங்களோடு சிமுலா நின்றுவிட்டது. மேலே சொன்ன கார்பேஜ் கலெக்டரும் ஹீப்பும் அந்தக் காலத்து நினைவகத்துக்கு ராஜ போகம். யோசனையில் குறை சொல்ல முடியாது, வன்பொருள் ஈடுகொடுக்கவில்லை. யோசனைகள் மட்டும் இன்னொருவர் சட்டைப்பையில் ஏறி ஊர் ஊராகப் போயின.

"ஆப்ஜெக்ட் ஓரியன்டட்" என்ற சொல் ஆலன் கே உருவாக்கியதுதானே? அப்போ தந்தை அவர்தானே?

சொல் அமெரிக்கக் கணினி அறிஞரான அவருடையது, சரி. ஆனால் 1966இல் யூட்டா பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவராகச் சேர்ந்ததும் அவர் மேசையில் இருந்தது என்ன தெரியுமா? ஒரு டேப். கூடவே ஒரு குறிப்பு: இது யூனிவாக் 1108க்கான அல்கால், ஓடவில்லை, ஓட வை. எடுத்துப் பார்த்தால் வழக்கமான அல்கால் போல இல்லை. ஆவணங்களின் ஆங்கிலமோ நார்வே மொழி வாடை அடித்தது. கேயும் இன்னொரு மாணவரும் நிரல் அச்சடித்த தாளை வராந்தாவில் 80 அடி நீளத்துக்கு விரித்து, தரையில் தவழ்ந்து தவழ்ந்து படித்தார்கள். அவர்களை மிகவும் குழப்பியது ஸ்டேக் ஒழுங்குக்கு அடங்காத நினைவக ஒதுக்கீடு. மேலே அல்கால் பற்றிய பதிலில் டால் எழுதியதாகச் சொன்னேனே, அதேதான்! அது சிமுலா என்று பிறகு தெரிந்தது.

பிற்பாடு கே, செராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆராய்ச்சி மையத்தில் ஸ்மால்டாக்கை வடிவமைத்தார். டேன் இங்கல்ஸ் அதை ஓட வைத்தார். கேக்கு முக்கியம் ஆப்ஜெக்ட்டுகள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பிக்கொள்வது. கிளாஸ் அவருக்கு இரண்டாம்பட்சம். நார்வேக்காரர்களுக்கு உலகத்தை மாதிரி செய்வது முக்கியம். இரண்டும் ஒரே பெயரில் புழங்குவதால்தான் "எது உண்மையான ஊப்ஸ்" என்ற சண்டை ஓயாமல் நடக்கிறது. என்னைக் கேட்டால், பெற்றவர்கள் ஆஸ்லோவில், பெயர் வைத்தவர் யூட்டாவில்.

சி++ எப்படி இதிலிருந்து வந்தது?

பியார்ன ஸ்ட்ரூஸ்ட்ரப் டென்மார்க்காரர். கேம்பிரிட்ஜில் முனைவர் பட்ட ஆய்வுக்காக ஒரு சிமுலேட்டரை சிமுலாவில் எழுதினார். எழுதும்போது சொர்க்கம்: தலையில் இருக்கும் யோசனை அப்படியே கிளாஸாக இறங்கியது, தவறுகளைக் கம்பைலரே பிடித்துக்கொடுத்தது. ஓட்டும்போது நரகம்: நேரத்தில் 80 சதவீதத்துக்கு மேல் கார்பேஜ் கலெக்டரே சாப்பிட்டுவிட்டது. வேறு வழியின்றி எல்லாவற்றையும் பிசிபிஎல் என்ற கீழ்மட்ட மொழியில் திரும்ப எழுதினார். அதில் எழுதியது எவ்வளவு வேதனை என்று அவரே பதிவு செய்திருக்கிறார்.

1979இல் பெல் ஆய்வகத்தில் அவர் "கிளாஸ்களுடன் சி" என்று ஆரம்பித்ததை இந்த அனுபவத்தோடு சேர்த்துப் படியுங்கள். சிமுலாவின் அமைப்பு வேண்டும், சியின் வேகம் வேண்டும், கார்பேஜ் கலெக்டர் வேண்டாம். அப்பா கிளாஸ் பெயரிட்ட வேலையைப் பிள்ளை கிளாஸ் தன் விதத்தில் செய்ய விடும் வசதிக்கு விர்ச்சுவல் என்று பெயர், அந்தச் சொல் சிமுலாவிலிருந்து அப்படியே வந்தது. அதுவும் சிமுலாவுக்குள் கடைசி நேரத்தில், 1967 ஜூனில் மொழியின் பொது அடிப்படையை முடிவு செய்த கூட்டத்தையொட்டி நுழைந்தது. பிந்தியிருந்தால் இன்று இந்த வசதிக்கு வேறு என்ன சொல் இருந்திருக்குமோ.

ஜாவாவில் சூப்பர் போட்டு அப்பா கிளாஸைக் கூப்பிடுவோமே, சிமுலாவில் உண்டா?

கில்லாடிக் கேள்வி. இல்லை, நேர் எதிரானது உண்டு. பெயர் "இன்னர்". சிமுலாவில் கிளாஸின் உடலிலேயே செயல்கள் இருக்கும். ஆப்ஜெக்ட் பிறந்ததும் முதலில் அப்பா கிளாஸின் செயல்கள் ஓடும். "இன்னர்" என்ற இடம் வந்ததும் பிள்ளையின் செயல்களுக்கு இடம் விடும். பிள்ளை முடித்ததும் அப்பா மிச்சத்தை முடிப்பார். ஜாவாவில் பிள்ளை இஷ்டப்பட்டால்தான் அப்பாவைக் கூப்பிடும், இங்கே அப்பா இஷ்டப்பட்ட இடத்தில்தான் பிள்ளை பேச முடியும். எது சரியான வளர்ப்பு என்ற வம்புக்கு நான் வரவில்லை.

இன்னொன்று: சிமுலா ஆப்ஜெக்ட் பாதி வேலையில் "டிட்டாச்" என்று சொல்லி நின்றுகொள்ளலாம், பிறகு விட்ட இடத்திலிருந்து தொடரலாம். வரிசையில் காத்திருப்பவர் அப்படித்தானே இருப்பார்? இன்று கோரூட்டீன் என்று புதுமையாகச் சொல்லித்தரப்படுவது இதுதான்.

சிமுலாவுக்குப் பிறகு டாலும் நிகார்டும் என்ன செய்தார்கள்? சும்மா இருந்தார்களா?

டால் ஆஸ்லோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகி, அங்கே கணினி அறிவியலை வளர்த்தார். நிகார்டின் பாதை வேறு. வேலைத்தலத்தை இவ்வளவு துல்லியமாக விவரிக்க முடிந்தால், அந்த விவரிப்பை வைத்துத் தொழிலாளியின் வேலையை முதலாளி மட்டும் தீர்மானித்துவிடலாமே என்ற கவலை அவருக்கு. 1970 முதல் நார்வேயின் இரும்பு, உலோகத் தொழிலாளர் சங்கத்தோடு சேர்ந்து, புதிய கணினி அமைப்புகளில் தொழிலாளிக்கும் குரல் வேண்டும் என்று வேலை செய்தார். இன்று பயனரையும் உட்காரவைத்து வடிவமைப்பது என்கிறார்களே, அதன் வேர்களில் ஒன்று இது. 1990களின் முதல் பாதியில் நார்வே ஐரோப்பிய ஒன்றியத்தில் சேரக்கூடாது என்ற இயக்கத்துக்குத் தலைவராகவும் இருந்தார். 1994 வாக்கெடுப்பில் சுமார் 52 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள்.

நடுவில் டென்மார்க் நண்பர்களுடன் பீட்டா என்ற மொழியும் செய்தார். அந்த பீட்டாவில் வேலை பழகிய லார்ஸ் பாக், பிற்பாடு ஜாவா நிரல்களை ஓட்டும் ஹாட்ஸ்பாட்டிலும் வேலை செய்தார், குரோம் பிரவுசரில் ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் வி8 இயந்திரத்தையும் உருவாக்கினார். நீங்கள் இதைப் படிக்கிற பிரவுசர் குரோமாக இருந்தால், அதற்கும் ஆஸ்லோவுக்கும் தூரத்து உறவு இருக்கிறது.

விருது எதுவும் கிடைத்ததா?

கணினி உலகின் நோபல் எனப்படும் டூரிங் விருது, 2001ஆம் ஆண்டுக்கு இருவருக்கும் சேர்த்து. சிமுலா 67 வந்து 34 வருடம் கழித்து! அடுத்த வருடமே, 2002 ஜூன் 29 அன்று டாலும், ஆகஸ்ட் 10 அன்று நிகார்டும் இறந்தார்கள். ஆஸ்லோ பல்கலைக்கழகத்தின் இரண்டு கட்டடங்களுக்கு இருவர் பெயரும் இருக்கிறது.

இப்போ சிமுலாவில் ஏதாவது எழுதிப் பார்க்க முடியுமா?

முடியும். ஆஸ்லோ பல்கலைக்கழகத்தில் உருவாகி, ஜிஎன்யூ என்ற கட்டற்ற மென்பொருள் திட்டத்தில் சேர்ந்த சிம் என்ற கம்பைலர் இலவசம். சிமுலாவை சி மொழியாக மாற்றித்தரும். வணக்கம் உலகம் அச்சடித்துவிட்டு மூடிவிடாதீர்கள், அதை எந்த மொழியிலும் செய்யலாம். "சிமுலேஷன்" என்ற கிளாஸை முன்னொட்டாகப் போட்டு ஒரு பிளாக், அதாவது நிரல் பகுதி, திறங்கள். ஒரு கவுன்ட்டர், பத்து வாடிக்கையாளர்கள். கவுன்ட்டருக்கு வேலை முடிய 5 நிமிடம் ஆகும் என்றால் "ஹோல்டு" என்று எழுதி அடைப்புக்குறிக்குள் 5 போடுங்கள். நிரலுக்குள் இருக்கும் கடிகாரம் 5 நகரும், வரிசையில் அடுத்த ஆள் முன்னால் வருவார்.